ஓரம் விடாத விஜி

என் மருமகள் விஜிக்கு நூம்பலில் மூன்று வீட்டு வேலை. அதில் ரேஷ்மா வீட்டில்தான் அவளுக்கு நல்ல பேர். கரூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண் ரேஷ்மா. "ஓரம் விடாம துடைங்க அக்கா" என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விஜியும் விட்டதில்லை. சுவரும் தரையும் சேருகிற இடத்தைக் கையால் தேய்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

ரேஷ்மாவின் குழந்தை ரோஷினி தவழ ஆரம்பித்த நேரம், அடுப்படியில் கரப்பான் பெருகிவிட்டது. கிடைத்ததை வாயில் வைக்கிற வயசு. அதனால் ரேஷ்மா சனிக்கிழமை ஆளை வைத்து மருந்து அடித்துவிட்டு, குழந்தையோடு ஆவடியில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு சாயங்காலம் அவர்கள் திரும்புவதற்குள் விஜி வீட்டைத் துடைத்து வைக்க வேண்டும். அதற்காக முதல் தடவையாக வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்திருந்தாள்.

நானும் கிளம்பினேன்.

"நீ இன்னாத்துக்கு அத்த? மருந்து வாடைக்குத் தல சுத்தும்."

"சுத்துனா ஒக்காந்துக்குறேன். நீ நட."

கதவைத் திறந்ததும் ரேஷ்மா போனில் பேசி அனுப்பியிருந்ததை விஜி ஒரு தரம் கேட்டாள். ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துவிட்டு, காற்றாட விட்டு, ரெண்டு பேரும் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு கையுறை மாட்டி, மல்லாந்து கிடந்த கரப்பான்களைப் பெருக்கி எடுத்தாள். சோப்புத் தண்ணீரில் மாப்பை நனைத்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து துடைத்தாள்.

நான் பால்கனிப் பக்கம் நாற்காலியில் இருந்தேன். ஈரத் தரையில் வானம் இறங்கியிருந்தது. மேகம் ஒன்று சோபாவுக்கு அடியில் நுழைந்து அடுப்படிப் பக்கம் போனது. விஜி அதன்மேல் நடந்துகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. எந்த ஊர், எந்த வீடு என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது. வீடே மெல்ல மிதந்து எங்கோ போகிற மாதிரி இருந்தது. அவளும் என்றும் இல்லாத அழகாக, யாரோ ஒருத்தி மாதிரி தெரிந்தாள்.

பால்கனியையும் துடைக்க வேண்டுமா என்று பார்க்க, விஜி ரேஷ்மா பேசி அனுப்பியதை மறுபடி காதில் வைத்துக் கேட்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்த, ஓரம் விட்டுத் தொடைக்கச் சொல்லிகீறாங்க. விடாமன்னு இல்ல. விட்டு."

"அதனால இன்னா?"

"மருந்து ஓரத்துலதான கீது. மொத்தமும் வழிச்சிட்டேன்."

"வாய மூடிகினு இரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"கரப்பானுக்குத் தெரியும் அத்த" என்றாள். சிரிப்பு மாதிரி வந்தது, சிரிப்பில்லை. முதல் தடவை சாவி கொடுத்தவர்கள் இனி கொடுப்பார்களா என்பதுதான் அவள் கவலை. எனக்கும் அதுதான். சொல்லாதே என்று நான் கையைப் பிடித்தேன். பிடித்த கையோடே ரேஷ்மாவுக்குப் போன் போட்டாள்.

"ரேஷ்மாம்மா, தப்பு பண்ட்டேன். ஓரத்தையும் சேத்துத் தொடைச்சிட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "எந்த ரூம்க்கா?"

"எல்லா ரூமும்."

"ஆறு வருஷமா நான்தானே அப்படிச் சொல்லிப் பழக்கினேன்" என்று பெருமூச்சு விட்டாள் ரேஷ்மா. "சரி, மருந்து அடிக்கிறவரை நாளைக்கு மறுபடி வரச் சொல்றேன். நாங்க இங்கயே இருந்துக்கறோம்."

"சாவிய வாட்ச்மேன் அண்ணங்கிட்ட குட்த்துடட்டா?"

"அவர் எதுக்கு? நாளைக்கு நீங்கதானே கதவு திறக்கணும்."

விஜி போனை வைத்துவிட்டு, ஈரம் காயாத தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்னபடி மறைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் இன்னமும் சொல்வேன். அவளிடம் சொன்னால், "ஆமா அத்த" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறாள்.