வரம்பை வெட்டிவிட்ட சுபைர் ஹாஜியார்

பாலாவிச் சந்தியில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றபோதுதான் என் ராத்தாவின் மகள் ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க" என்றாள். எந்த வாப்பா என்று கேட்டுவிட்டேன். பிள்ளை அழுதாள். என் மீது பிழையில்லை. முதல்நாள் பின்னேரம்தான் என் மச்சான் சுபைர் ஹாஜியார் என்னை நன்றாக ஏசியிருந்தார். அந்தக் குரலில் ஒரு குறையும் இருக்கவில்லை. இன்னா லில்லாஹி சொல்லிக்கொண்டு வண்டியைக் கற்பிட்டிப் பாதையில் திருப்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாஜியார் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவர். தென்னங்காணியில் பிறந்து வளர்ந்தவர். எதையும் வரிசையில் நிறுத்தாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. ரிஸ்னாவின் கல்யாணத்தன்று விருந்தாளிகளின் செருப்புகளைக்கூட வரிசையாக அடுக்கிவிட்டார். கதையென்றால் கதை, ஓயாத பேச்சு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இறங்கிப் போனாலும் மிச்சக் கதையை ஜன்னலால் சொல்லி முடிப்பார்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபோது இறாலுக்கு நல்ல கிராக்கி. மச்சானும் கடலோடு சேர்ந்த களப்பின் ஓரத்தில், ராத்தாவின் காணியில், உப்புத்தண்ணீரில் வளரும் கண்டல் காட்டை வெட்டி இறால் பண்ணை போட்டார். களப்பிலிருந்து உள்ளே வரும் ஓடையின் வாயை மண் வரம்பு கட்டி மூடினார். முதல் அறுவடைக்கு ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டார். அந்த ஓடைக்குள்தான், கண்டல் வேர்களுக்கு நடுவே, மீன்குஞ்சும் நண்டுக்குஞ்சும் ஒளிந்து வளர்ந்து களப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. அதையெல்லாம் யோசிக்க எங்களுக்கு நேரமிருக்கவில்லை. கரையில் வலை போடும் மீரான் நானாவும் அவருடைய ஆட்களும் வெறும் வலையை உதறத் தொடங்கினார்கள்.

வந்து சொன்னார்கள். "மீன் என்ன, என்ட வரம்பைப் பார்த்துப் பயந்தா ஓடுது?" என்று மச்சான் கேட்டார். அத்தோடு கரை ஆட்கள் அவரோடு கதைப்பதை விட்டார்கள். ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. அதைச் சொல்வார்கள், ஓர் எழுத்துக் கூட்டாமல். மச்சான் பள்ளிவாசலில் நின்று ஒரே ஆளுக்கு லுஹருக்கும் அஸருக்கும் மஃரிபுக்கும் ஸலாம் சொல்லிப் பார்த்தார். பதில் ஸலாம் மட்டும்தான் கிடைத்தது. கதையில்லாமல் மனிதர் மெலிந்தே போனார். "என்னை ஏசினாலும் பரவாயில்ல மச்சான். வாயைத் திறக்கிறாங்க இல்லையே" என்று என்னிடம் புலம்பினார்.

பிறகு இறாலுக்கு நோய் வந்தது. குளம் குளமாகச் செத்தது. நாற்றம் மட்டும் மிச்சம். கரை ஆட்கள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கக்கூட இல்லை. அதுதான் மச்சானைச் சுட்டது. "வெட்டின கண்டலை நானே நட்டுக் குடுக்கிறேன். அப்பவாவது கதைப்பாங்க" என்றார்.

நட்டார். தென்னம்பிள்ளை நடுகிற மாதிரியே நட்டார். கயிறு பிடித்து வரிசை பார்த்தார். குழிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டை, அதற்கு மேல் ஆட்டுப்புழுக்கை, வழக்கப்படி ஒரு பிடி உப்பு. களப்புத் தரைக்கு உப்பு! ஏனென்று கேட்டேன். "தென்னைக்குப் போடுறதுதானே" என்றார். பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் வந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் தென்னங்கிடுகால் நிழல் போட்டார். வரம்புக்குள் கடல் தண்ணீரின் பெருக்கும் வற்றும் இல்லாமல் கிடந்த அந்தச் சேற்றில் எல்லாம் கருகிப் போயின. மறுபடியும் நட்டார், உரத்தைக் கூட்டி.

ஒருநாள் மீரான் நானா தோணியை நிறுத்தி, அந்த வரிசையை நெடுநேரம் பார்த்தார். "ஹாஜியார், இளநீர் எப்ப பறிக்கலாம்?" என்று கேட்டார்.

மச்சான் வீட்டுக்கு ஓடிவந்தார். "மீரான் என்னோட கதைச்சிட்டான்" என்று ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அது நக்கல் என்றார் ராத்தா. "நக்கலும் கதைதானே" என்றார் மச்சான்.

மறுநாளே கரைக்குப் போய், என்ன செய்யட்டும் என்று கேட்டார். "ஒண்டும் செய்யாதீங்க. வரம்பை வெட்டி விடுங்க. தண்ணி வந்தா கண்டல் காய் தானா மிதந்து வரும்" என்றார் நானா. அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மச்சானுக்கும் தெரியும். வெட்டினால் பண்ணை இனி இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் உரம் போட்டுக்கொண்டிருந்தார்.

நீண்ட யோசனைக்குப் பிறகு மண் வெட்டும் பெக்கோ மெசின் வந்தது. மச்சான் வரம்பின் மேல் நின்று கையாட்டி உத்தரவு போட்டார். மண் சரிந்தது, தண்ணீர் பாய்ந்தது, வெட்டு அகன்றுகொண்டே போனது. அப்போதுதான் கவனித்தோம். நாங்களும் மெசினும் இந்தப் பக்கம், ஹாஜியார் அந்தப் பக்கம், சுற்றிவரக் களப்பு. அவருக்கு நீந்தத் தெரியாது. "மச்சான், நான் எப்படி வாறது?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மீரான் நானாதான் தோணியில் போய் ஏற்றினார். நேராக வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடலாம். நானா களப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் ஏசினார். ஓடையை மூடியதற்கு, வலை காய்ந்ததற்கு, தொழிலில்லாமல் தன் மகன் கட்டாருக்குப் போனதற்கு. மச்சான் இறங்கியபோது முகம் பெருநாள் முகமாக இருந்தது. "எல்லாத்தையும் கதைச்சோம்" என்றார்.

கண்டல் வந்தது. கோணல்மாணலாக, நினைத்த இடத்தில் வந்தது. மச்சான் கதிரை போட்டு உட்கார்ந்து, கை பரபரக்க, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை அதுவென்று நினைக்கிறேன். கடைசிப் பின்னேரம் நான் ஒரு கன்றை நிமிர்த்தி விட்டதற்குத்தான் ஏச்சு விழுந்தது. "விடுங்க மச்சான், அது தன்ட பாட்டுல வருது" என்றார். அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

அடக்கம் முடிந்து திரும்பினோம். மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சோறு கொண்டு வருவார்கள். கரையிலிருந்து சட்டி சட்டியாக வந்தது. முன்னால் மீரான் நானா. என் கையில் சட்டியைத் தந்து, "ஓடை மீன்தான். புள்ளைகளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார். பிறகு அடுத்த சட்டியை எடுக்கப் போனார்.

யா அல்லாஹ், எங்கள் மச்சானின் பிழைகளைப் பொறுத்துக்கொள்வாயாக. உன் சுவனத்தில் ஆறுகள் ஓடுகின்றன. அவற்றின் கரையில் அவருக்கு ஓர் இடம் கொடு. எதிலும் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்த மனிதராகத்தான் அவரை உன்னிடம் அனுப்பியிருக்கிறோம்.