காம்பில்லாத ரோஜாக்கள்

போன வாரம் என் மகள், ஆபீஸில் கொடுத்தார்கள் என்று ஒரு ரோஜாக் கட்டைக் கொண்டுவந்து குளியலறை மக்கில் அப்படியே சொருகினாள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. காகிதத்தைப் பிரித்து, தண்ணீரில் படும் இலைகளைக் கிள்ளிவிட்டு, காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக நறுக்கினேன். "அட, இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டேம்மா?" என்றாள். "ஒரு வீட்ல" என்றேன். மேலே சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இந்தப் பூக்களுக்கு வாசனை இல்லை. அந்த வீட்டு ரோஜாவுக்கு உண்டு. ஒருநாள் தண்ணீர் மாற்ற மறந்தால் நாற்றமும் உண்டு. இந்த வடக்கத்தி ஊரிலேயே, புசா ரோட்டுப் பக்கம் ஒரு பங்களா. கார் ஷெட்டுக்கு மேல் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு அறை. வாடகைக்குப் பதிலாக அம்மா பாத்திரமும் தரையும் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் பூவை. அப்போதுதான் தமிழ்ப் பள்ளியில் எட்டாவதோடு நின்றிருந்தேன். பூவைத் தண்ணீரில் வைப்பதும் ஒரு வேலை என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. பூ என்றால் தலைக்கு, இல்லாவிட்டால் சாமிக்கு. பீபிஜிதான், அந்த வீட்டம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். பாதி விரிந்த மொட்டு, முழங்கை நீளக் காம்பு. தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை. பூவுக்கு ஒரு சிட்டிகை போட்டால் என் நாக்குக்கும் ஒரு சிட்டிகை. பூ ஐந்து நாள் நின்றது. எனக்குத்தான் சதை பிடிக்கவில்லை.

மாதத்தில் மூன்று நாள் சிக்கல். தூரமான பெண் தொட்டால் பூச்செடி கருகிவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதனால் முன்னதாகவே வெட்டி வைத்து, தண்ணீரை மட்டும் மாற்றிச் சமாளிப்பேன். பீபிஜியிடம் காரணம் சொன்னதில்லை. அதைச் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வாய் வராது.

ஒரு டிசம்பரில் பீபிஜியின் மகனைப் பார்க்கப் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. பத்து நாளாகச் செடியில் கைவைக்காமல் ரோஜாக்களைக் காத்து வைத்திருந்தார்கள். அந்த மாதம் எனக்கு நான்கு நாள் முந்திவிட்டது.

"நீ செடிகிட்ட போகாத. பூப் பறிக்க எனக்குத் தெரியாதா?" என்று அம்மா கீழே இறங்கினாள். தினமும் அந்த ஜாடியைத் துடைத்தவள்தான். ஆனாலும் செடிமுன் நின்றதும் கை பழகினபடி போய்விட்டது. நான் இறங்கி வந்தபோது எவர்சில்வர் தட்டு நிறைய ரோஜாத் தலைகள். ஒன்றிலும் விரற்கடைக் காம்புகூட இல்லை.

பீபிஜி கத்தவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தூ கஹாங் தீ?" என்றார். எங்கே போயிருந்தாய் என்று. பக்கத்தில் அவர் கணவர் சாகிபும் டிரைவரும் நின்றிருந்தார்கள்.

"சொல்லுடி. நாந்தான் தொடக்கூடாதுன்னேன்னு சொல்லு. அவங்களும் பொம்பளதானே, புரிஞ்சுக்குவாங்க" என்றாள் அம்மா. அவளுக்கு ஹிந்தி பாத்திரம் தேய்க்கிற அளவுக்குத்தான். மற்றதற்கெல்லாம் நான்தான் வாய். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"சொல்லேண்டி."

பீபிஜி அவசரப்படவில்லை, கொஞ்ச நேரம் காத்திருந்தார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பிறகு, நான் தூங்கிவிட்டு அம்மாவை அனுப்பியதாக அவராகவே முடிவு செய்துகொண்டார். "காம்சோர்" என்றார். வேலைக்கு டிமிக்கி கொடுப்பவள். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

ரயில் பாதையோரக் குடிசைக்குப் போனோம். பாலிதீன் கூரை. அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு உண்டு. ஒருநாள் சுவர்ச் சந்துக்குச் சேறு அப்பிக்கொண்டே, "ஒரு வார்த்தைதாண்டி" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த குளிரை அவள் தாண்டவில்லை.

இரண்டு வருஷம் முன்பு அந்தப் பக்கம் போனேன். குடிசைகள் இருந்த இடத்தில் வேலி போட்ட பூங்கா. பங்களா இல்லை, நாலு மாடி எழும்பியிருக்கிறது, ரோஜாப் பாத்தி இருந்த இடத்தில் கார்கள். பீபிஜி எப்போதோ காலமாகிவிட்டாராம். கேட்டில் நின்ற காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டான். பதில் வராமல் நின்றுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பினேன்.