லேனா தங்கிய வீடு

சித்தூர் பள்ளியின் மாணவர் பரிமாற்றத்துக்குப் பூதலப்பட்டு கிராமத்துப் பத்மினி தேர்வானாள். ஜெர்மனியிலிருந்து வரும் லேனா இவள் வீட்டில் தங்குவாள். கோடையில் இவள் லேனா வீட்டுக்குப் போகவேண்டும். கூலிவேலை செய்யும் அப்பா கங்கையா வீட்டுக்கு வெள்ளையடித்தார்.

லேனா வந்து, பத்மினியின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தலைமையாசிரியர் காரில் வந்தார்.

"இங்க வசதி பத்தாது கங்கையா. கரெஸ்பாண்டண்ட் சார் வீட்ல இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு நல்லாத்தானே சிரிச்சிக்கினு கீது சார்?"

அவர் லேனாவின் பெட்டியைக் காரில் ஏற்றச் சொன்னார். தங்கவைக்கும் வீட்டுப் பிள்ளைதான் ஜெர்மனி போகமுடியும். பள்ளியை நடத்தும் கரெஸ்பாண்டண்டுக்கு, அங்கேயே படிக்கும் காவ்யா என்று ஒரு மகள் இருந்தாள்.

ஆனாலும் லேனாவுக்குத் திருப்பதியைச் சுற்றிக்காட்டக் காவ்யாவோடு பத்மினியையும் அழைத்துப்போனார்கள். பத்மினியின் ஆங்கிலம் அவ்வளவு சரளம். "அந்தப் பொண்ணு கேட்டா, ஜெர்மனிக்கு நீயே வரலேன்னு சொல்லிடு. ஸ்கூல் பேரு கெட்டுடக் கூடாது," என்று தலைமையாசிரியர் வேனில் ஏறும்போதே சொல்லிவைத்திருந்தார்.

சந்திரகிரிக் கோட்டையில் லேனா ஆசையாகக் கையைப் பிடித்தாள். "எங்க வீட்டுக்கு நீதானே வரப்போறே?"

"இல்ல. எனக்கு வர இஷ்டமில்ல," என்றாள் பத்மினி.

லேனா மெல்லக் கையை விட்டாள். திரும்பும்போது வேனில் காவ்யா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊருக்குக் கிளம்பிய அன்று எல்லோரையும் கட்டியணைத்தவள், பத்மினிக்குத் தலையை மட்டும் அசைத்தாள்.