தண்டவாளம் இல்லாத வண்டி

சூரிச்சுக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்கா. ஒரு கார்ட்டூன் படத்தின் கடலடி உலகத்தைச் சுற்றிக் காட்டும் சின்ன வண்டியில் தனியாக இருக்கிறேன். முன் வண்டியில் என் நாலு வயது மகளும், இங்கேயே பிறந்து வளர்ந்த என் தங்கையின் மகளும்.

"தண்டவாளத்தைக் காணேல்லையே, பிள்ளை?" என்று பெரியவளிடம் கேட்கிறேன்.

"இதுக்குத் தண்டவாளம் இல்லை மாமா. கம்ப்யூட்டர்தான் ஓட்டும்."

"அப்ப நான் உங்களுக்குப் பின்னாலதானே வருவன்?"

"அது தெரியாது மாமா."

வண்டிகள் உள்ளே நுழைய, பின்னால் கதவு மூடுகிறது. இருட்டுக்குள் அவர்களின் வண்டி இடப்பக்கம் திரும்ப, என்னுடையது வலப்பக்கம் போகிறது. பிரேக்கைத் தேடுகிறேன், இல்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன். சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை அலறுகிறது. அவளா, வேறு பிள்ளையா?

திடீரென்று இரண்டு வண்டிகளும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. தலைக்கு மேல் வாயைப் பிளக்கும் சுறாவைப் பார்த்து மகள் கைதட்டிச் சிரிக்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள். வீரிட்டு அழத் தொடங்குகிறாள்.