வாண்டா செய்த புகார்

வாண்டாவுக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கொடுத்த நாற்காலியில் பெரும்பாலும் அவளுடைய கோட்டுதான் உட்கார்ந்திருக்கும். முனைவர் பட்டம் முடித்துவிட்டு, குழந்தைகள் நலன் பற்றிய மேல் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு வந்தவள் அவள். கூடப் பயிற்சி பெற்றவர்கள் கணினியில் எண்களோடு மல்லுக்கட்டுவார்கள். இவள் வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பாள்.

படிக்கப் போகும் முன் அவள் அமெரிக்காவின் இதே பஃபலோ நகரில் குழந்தைகள் பாதுகாப்பு ஊழியராக இருந்தாள். புகார் வந்த வீடுகளின் கதவைத் தட்டுவதுதான் வேலை. சில வீடுகளிலிருந்து, கதறும் பிள்ளைகளைத் தூக்கிவந்து காரில் பெல்ட் போட்டு உட்காரவைத்திருக்கிறாள். தூக்கிவந்தது சரிதானா என்ற கேள்வி அவளைத் தூங்கவிடாமல் அடித்து, படிப்புக்குத் துரத்தியது. பட்டம் வந்தது. பதில் வரவில்லை.

புகாருக்கு ஆளான குடும்பங்கள் பிறகு என்ன ஆயின என்பதே இப்போதைய ஆய்வு. அதற்காகத் தாய்மார்களைப் பார்த்துப் பேசி வந்தாள். அப்படி அறிமுகமானவள் ஷனீஸ். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நயா என்று ஒரு சின்ன மகள்.

ஜனவரியில் ஒருநாள் வாண்டா போனபோது, வீட்டுக்குள்ளேயும் மூச்சு புகையாக வந்தது. சமையலறையில் கேஸ் அடுப்புக்குக் கீழே இருக்கும் ஓவனின் கதவு திறந்துகிடந்தது. உள்ளே நெருப்பு. எதிரே மெத்தை போட்டு, நயா பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"ஹீட்டர் என்னாச்சு, ஷனீஸ்?"

"செத்துப்போச்சு. வாடகை வாங்கற வீட்டுக்காரன் நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு இழுத்தடிக்கிறான். அவனோட நாளைக்கு எந்த மாசத்துல வருதோ தெரியல."

வாண்டாவால் சிரிக்க முடியவில்லை. இப்படிக் கேஸ் புகையில் தூங்கிப்போய் எழுந்திருக்காத ஒரு பையனை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். பிறகு சொன்னாள்:

"குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்கு நான் போன் பண்ணியே ஆகணும். பிள்ளைக்கு ஆபத்துன்னா சொல்லணும்கிறது சட்டம். முதல் நாளே உங்ககிட்ட சொன்னேன்ல?"

"சொன்னீங்க, சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க!" ஷனீஸ் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உங்க படிப்புக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா, டாக்டரம்மா?"

காருக்குப் போய்ப் பேசுவதுதான் வழக்கம். வாண்டாவும் வாசல்வரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள்.

"உங்க முன்னாடியே பேசறேன். தப்பா ஏதாவது சொன்னா நிறுத்துங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். மறுமுனைப் பெண்குரல், அம்மா குடிப்பாரா, பிள்ளையை அடிப்பாரா என்று வரிசையாகக் கேட்டது.

"இல்லங்க. பிள்ளை நல்லா சாப்பிட்டிருக்கா. கெட்டுப்போனது ஹீட்டர்தான்."

"வீட்டுக்காரன் பேரையும் சொல்லுங்க," என்றாள் ஷனீஸ், போனைப் பார்த்து. "எழுத்துக்கூட்டி நானே சொல்றேன்."

மாலையே ஊழியர் வந்தார். நயாவை யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. தாயும் மகளும் ஷனீஸின் அக்கா வீட்டில் தங்கினார்கள். நகராட்சி ஆள் போய் நின்றதும் வீட்டுக்காரனுக்கு நாளைக்கு என்பது சட்டென்று வந்துவிட்டது. ஆனால் ஷனீஸ் ஆய்விலிருந்து விலகிக்கொண்டாள். வாண்டாவின் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஆய்வை நடத்தும் பேராசிரியை மெரிடித் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ ஆராய்ச்சிக்குப் போனியா, வக்கீல் வேலைக்குப் போனியா?"

"போன் பண்ணாம வந்திருக்கணுமா, மெரிடித்?"

"பண்ணத்தான் வேணும். பக்கத்துல உட்காரவச்சு அவங்களுக்காகப் பேசினதைத்தான் கேக்கறேன். அந்தக் குடும்பம் இனி நம்ம கணக்குல வராது."

"அப்ப இதையே ஆராயலாம். தாய்க்கு முன்னாடியே புகார் சொன்னா என்ன ஆகுதுன்னு."

"ஒரு வீட்டை வச்சு என்னத்தைச் சொல்லுவே?"

"அதனாலதான் நிறைய வீடு வேணும்ங்கறேன்."

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு முதலில் மறுத்தது, இவள் விடவில்லை. கடைசியில் மெரிடித்தே கூட வந்து வாதாடி அனுமதி வாங்கிக்கொடுத்தார். புகார் செய்யும் ஆசிரியர்களிலும் நர்சுகளிலும் சிலர், பெற்றோர் முன்னாலேயே போன் பேசச் சம்மதித்தார்கள்.

பல வீடுகளில் கூச்சல் அடங்கி, உதவி சீக்கிரம் வந்தது. ஒரு வீட்டில் மட்டும் போன் பேசி முடிவதற்குள் தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். பக்கத்து ஊரில் கண்டுபிடிக்கும்வரை வாண்டா சாப்பிடவில்லை.

"எல்லா வீட்டுக்கும் இது ஆகாது" என்ற வரியைத் தன் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே போட்டாள். எந்த வீட்டுக்கு ஆகும், எந்த வீட்டுக்கு ஆகாது என்று கேட்டவர்களிடம், தெரியவில்லை என்றாள். பயிற்சி முடிந்ததும் வேறொரு பல்கலைக்கழகம் நிரந்தர வேலை கொடுத்தது. அவள் அதற்குப் போகாமல், இன்னும் ஒரு வருடம் இங்கேயே ஆராய மெரிடித்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு, நாற்காலியிலிருந்த கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.