லாரன்ஸ் வீட்டில் விரிந்த என் பவளம்

நான் என் தொட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்த உயிர்ப் பவளத் துண்டை, தானே வளர்த்ததாக லாரன்ஸ் இன்று நம் மீன்தொட்டிக் குழுவில் படம் போட்டிருக்கிறார். அவ்வளவு விரிந்திருக்கிறது.

அதன் தாய்ப் பவளம் என் தொட்டியில் சுருங்கிக் கிடக்கிறது. தினம் மூன்று வேளை தண்ணீரைச் சோதித்து, காரத்தன்மை குறைந்தால் அதை ஏற்றும் கரைசல் ஊற்றுகிறேன்.

ராயபுரத்தில் லாரன்ஸ் வீட்டுக்கே போய், "இன்னாதாம்பா பண்ற?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ல நைனா. வாரத்துக்கு ஒருதபா தண்ணி மாத்துவேன். நீதான் அத்த நோண்டிகினே கீற. சும்மா வுடு, தானா விரியும்."

வீட்டுக்கு வந்தால் என் மனைவியும் அதையே சொல்கிறாள்.

லாரன்ஸ் படத்தின் கீழே என் பெயரைப் போட வேண்டும். அதுவரை குழுவில் யாரும் அதற்கு இதயம் போடக் கூடாது. என் மனைவி, ஒளித்து வைத்திருக்கும் கரைசல் பாட்டிலை உடனே எடுத்துத் தர வேண்டும்.