ஸ்பிரிங் சைக்கிள் பாம்பன் பாலம் ஏறிய கதை

என் தம்பி துபாயில் தண்ணீர் டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு ஒரு செல்போன் வந்துவிட்டிருந்த காலத்தில் ஒருமுறை ஆறு மாத விடுப்பில் ஊருக்கு வந்தான். வழக்கமாக அவன் கொண்டுவரும் அட்டைப்பெட்டியில் கம்பளியும் தைலமும் பால்பவுடரும் இருக்கும். அந்த முறை சைக்கிள் இருந்தது. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பைக்கில் இருப்பதைப் போல ஷாக் அப்சார்பர். சீட்டுக்குக் கீழே தடியாக ஒரு ஸ்பிரிங். தெருவே வந்து ஆளுக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

“சர்க்கர வந்துருச்சுக்கா. தெனம் சைக்கிள் மிதிங்கன்னுட்டாரு டாக்டரு” என்றான். அவனுக்கு நாற்பத்தொரு வயது. வயிறு மட்டும் நாலு வருஷம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் மண்டபம். எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது பாம்பன் பாலம்தான். மற்றதெல்லாம் தோசைக்கல். தினமும் காலையில் பாலம் ஏறி, பாம்பனில் இறங்கித் திரும்பி வருவது என்று தம்பி தீர்மானித்தான்.

முதல் நாள் போனவன் ஒரு மணி நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“பாலத்த ஒசத்திக் கட்டிட்டாய்ங்களாக்கா?”

“நீ துபாய் போறதுக்கு முந்தி இருந்த அதே பாலந்தான்.”

அவன் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள். நான் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. மீன்பெட்டி கட்டிய பழைய சைக்கிளில் ஒரு மீன்காரர் அவனைத் தாண்டிப் போயிருக்கிறார். போகிற போக்கில், “என்ன தம்பி, குதிர பழக்குறியளா?” என்று கேட்டுவிட்டும் போயிருக்கிறார்.

நான் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு விசையும் வேலையும் நடத்துகிறவளுடைய தம்பி பாலம் ஏறமுடியாமல் தள்ளிக்கொண்டு வருவது எனக்கே கொஞ்சம் மானப் பிரச்சினையாகப் பட்டது. மறுநாள் சனிக்கிழமை. என் லேடீஸ் சைக்கிளில் அவன் பின்னாலேயே போனேன்.

ஏற்றம் ஆரம்பித்ததும் கண்ணால் பார்த்தேன். அவன் ஒரு மிதி மிதித்தால் ஸ்பிரிங் அமுங்கிச் சீட்டு கீழே போனது. காலை எடுத்தால் மேலே வந்தது. தம்பி அலையில் கிடக்கிற வத்தைப் படகைப் போல ஏறி இறங்கினானே தவிர, சைக்கிள் நகர்ந்த தூரம் கொஞ்சம்தான்.

“ஏலே, நில்லு! நீ பாலத்துல ஏறல. சைக்கிள்லயே ஏறி எறங்கிக்கிட்டு இருக்க.”

திரும்பும் வழியில் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தார். நாலு தடவை அமுக்கினார். “வெல்டு வச்சிருவோம். அப்பறம் எப்படி ஆடும்னு பாத்துருவோம்” என்றார்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “அந்த ஸ்பிரிங்குக்காகத்தான வாங்குனேன்!” என்று சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வீட்டில் அட்டைப்பெட்டியைத் துழாவி, ஆங்கிலமும் அரபியும் கலந்த ஒரு சின்னப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையம் உண்டு, அதைத் திருகினால் ஸ்பிரிங் இறுகும், ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி திருக வேண்டும் என்று படம் போட்டுச் சொல்லியிருந்தது.

“உன் எடை என்ன?”

“எழுவத்தஞ்சு இருக்கும்.”

அவன் மனைவி எட்டிப் பார்த்து, “எந்தக் காலத்துல?” என்றாள்.

வேறு வழியில்லாமல் மீன் எடை போடும் இடத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். நண்டுக்கூடையை இறக்கிவிட்டுத் தராசில் அவனை ஏற்றினோம். முள் ஓடியது. எடை எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் சத்தமாக, “தொண்ணூத்தி மூணு!” என்று கத்தினார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் தலையை நீட்டி, “என்ன மீனுண்ணே, திருக்கையா?” என்றார். தம்பி செருப்பை மாட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டான். நான்தான் எடுத்துவந்தேன்.

அன்று சாயங்காலம் முழுக்க வாசலில் வேலை நடந்தது. வளையத்தை இரண்டரைச் சுற்று இறுக்கினேன். முன்பக்க ஷாக் அப்சார்பர் எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிய, அதன் குழாயில் அவன் மனைவியின் தலை ரப்பரை மாட்டி, அவனை ஏறி உட்காரச் சொல்லி, ரப்பர் நகர்ந்த தூரத்தை ஸ்கேலில் அளந்தேன். சப்பிக் கிடந்த டயர்களில் காற்றை ஏற்றினோம். இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று சீட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தான். மிதிக்கும்போது முழங்கால் வயிற்றில் இடித்தது. அதை நான்கு விரல்கடை உயர்த்தி, கொஞ்சம் முன்னால் தள்ளி முடுக்கினேன்.

கடைசியாகத்தான் கியரைப் பார்த்தேன். முன்பல்சக்கரம் மூன்றில் பெரியதில் செயின் கிடந்தது.

“எதுக்கு இதுல வச்சிருக்க?”

“மூணுதானக்கா பெருசு. பெருசுலதான பவர் இருக்கும்.”

“தண்ணி ரொப்புன டேங்கர ஏத்தத்துல எந்தக் கியர்ல ஏத்துவ?”

“ஃபர்ஸ்ட்ல.” சொல்லிவிட்டுக் குனிந்து செயினைப் பார்த்தான். பிறகு, “இத யார்கிட்டயும் சொல்லிராதக்கா” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கிளம்பினோம். பக்கத்துக் காற்று பலமாக அடித்தது. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். தம்பியின் கால்கள் தையல் மெஷின் போலச் சுற்றின. சைக்கிள் நடை வேகத்தில்தான் போனது, ஆனால் குதிக்கவில்லை. மீன்காரர் அன்றைக்கும் தாண்டிப் போனார். தம்பி அவரைப் பார்க்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “விட மாட்டேன், விட மாட்டேன்” என்று முனகியபடி உட்கார்ந்தே மிதித்தான். இடையில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. உச்சிக்கு வந்ததும் இரண்டு கைகளையும் தூக்கினான்.

அங்கேதான் வினை. கீழே ரயில் பாலத்தில் ரயில் வருவதைப் பார்க்க ஒரு சுற்றுலா வேன் எங்களுக்கு முன்னால் சட்டென்று நின்றது. தம்பி பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினான். உயர்த்திய சீட்டிலிருந்து கால் தரையை எட்டவில்லை. சைக்கிளோடு நிதானமாக, மூட்டை சாய்வதைப் போலச் சாய்ந்தான். வேனிலிருந்து இறங்கியவர்கள் ரயிலை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு.

“வலிக்குதாலே?”

“அது கெடக்கட்டும். ஏறுனத யாராச்சும் பாத்தாய்ங்களா?”

“நான் பாத்தேன்.”

பாம்பனில் இறங்கி டீ குடித்தோம். சர்க்கரை இல்லாமல் டீ சொன்னவன், அதோடு நாலு வடை தின்றான்.

மிச்சமிருந்த மாதங்களில் தினமும் ஏறினான். நிற்கும்போது ஒரு பக்கம் சரிந்து இறங்கப் பழகிக்கொண்டான். துபாய்க்குத் திரும்புமுன் எடை எட்டுக் கிலோ குறைந்திருந்தது. இம்முறை ஆஸ்பத்திரித் தராசிலேயே பார்த்துக்கொண்டான். சைக்கிளை எனக்கு விட்டுவிட்டுப் போனான். முதல்நாள் நான் உட்கார்ந்தபோது ஸ்பிரிங் அசையவே இல்லை. மரப்பலகை மாதிரி இருந்தது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்து, என் ஐம்பத்தாறு கிலோவுக்கு வளையத்தைத் தளர்த்த உட்கார்ந்தேன்.